ஜான் ஆபிரகாம்: குடிக் கதைகளை விட்டுவிட்டு அவர் காசு திரட்டிய விதத்தைப் பேசலாமா?

கடைசிவரிசை எழுதியது:

ஜான் ஆபிரகாம் என்று பேச்செடுத்தாலே (இந்தி நடிகர் இல்லை, மலையாள இயக்குநர், 1937–1987) அவர் எங்கே குடித்தார், யாரிடம் கடன் வாங்கினார், எந்த நண்பர் வீட்டுத் திண்ணையில் படுத்தார் என்பதிலேயே எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது சலித்துவிட்டது. தாடியும் அழுக்குச் சட்டையுமாக ஒரு கலைஞன் அலைந்தான், மொட்டை மாடியிலிருந்து விழுந்து செத்தான், இது ஒரு கதை. எந்த ஊரில் கேட்டாலும் இப்படி ஒரு கதை கிடைக்கும். ஆனால் தயாரிப்பாளர் இல்லாமல், விநியோகஸ்தர் இல்லாமல், தியேட்டர் இல்லாமல், ஊர் ஊராகச் சில்லறை வாங்கி முழுநீளப் படம் எடுத்து, அதே ஊர்களுக்குத் திரும்பிப் போய்ப் போட்டுக் காட்டிய இயக்குநர்கள் எத்தனை பேர்? அதைப் பேச ஆளில்லை.

அவர் எடுத்த முழுநீளப் படங்கள் நான்குதான். 1972-இல் 'வித்யார்த்திகளே இதிலே இதிலே', 1977-இல் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை', 1979-இல் 'செறியாச்சன்டெ க்ரூர க்ருத்யங்கள்', 1986-இல் 'அம்ம அறியான்'. பதினைந்து வருஷத்தில் நாலு படம். இந்த நாலையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், கதை மாறுவதைவிடப் பணம் வந்த வழி மாறுவதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. முதல் படம் வழக்கமான சினிமாவுக்குள் இருந்து வந்தது. மது, ஜெயபாரதி, அடூர் பாசி என்று தெரிந்த முகங்கள். கடைசிப் படத்தில் அந்தத் தொழிலோடு எந்த ஒட்டும் உறவும் இல்லை. நடுவில் இருக்கும் இரண்டு படங்களையும் அந்த வழியை அவர் தேடிக்கொண்டிருந்த காலமாகப் பார்க்கிறேன்.

இதைப் பற்றி விவரமாகப் பேசலாம் என்றுதான் இந்த இழை. குடிக்கதை தெரிந்தவர்கள் வேறு இழையில் எழுதிக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

தேரிக்காடு எழுதியது:

நண்பரே, நீங்கள் சொல்வதில் பாதிக்குத்தான் நான் உடன்படுவேன். அவர் வாழ்க்கையையும் படத்தையும் அப்படிக் கத்தரித்துப் பிரித்துவிட முடியாது. பெல்லாரியில் எல்ஐசி வேலை பார்த்த ஆள். அந்தக் காலத்தில் எல்ஐசி உத்தியோகம் என்றால் வீட்டில் அடுத்த மாதமே பெண் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதை உதறிவிட்டு புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனார். அங்கே வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கிடம் படித்தார், தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். அப்புறம் மணி கௌலின் 'உஸ்கி ரோட்டி' என்ற இந்திப் படத்தில் உதவியாளர். இந்த வரலாற்றோடு வந்தவர், மற்ற புனே நண்பர்கள் மாதிரி அரசின் பிலிம் பைனான்ஸ் கார்ப்பரேஷனில் கடன் வாங்கி அமைதியாக ஒரு மூலையில் கலைப்படம் எடுத்துக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஏன் இருக்கவில்லை என்ற கேள்விக்கு அவர் அலைந்த அலைச்சலில்தான் பதில் இருக்கிறது. ஊரில் யார் வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய மனுஷன் என்பதால்தான் யாரிடமும் போய் "படம் எடுக்கிறோம், ஒரு ரூபாய் கொடுங்கள்" என்று கேட்க முடிந்தது. வீடு வாசல் என்று இருந்த ஒருவரால் அந்தக் கூட்டத்தைச் சேர்த்திருக்க முடியாது.

அவரைப் புனிதராக்க வேண்டாம் என்பது சரி. அதற்காக வெறும் கணக்குப்பிள்ளையாகவும் ஆக்கிவிடாதீர்கள்.

கடைசிவரிசை எழுதியது:

அலைந்தது உதவியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் காசு திரட்டிப் படம் எடுத்த 'ஒடேசா' குழுவை ஜான் தனியாக அலைந்து திரிந்து நடத்தவில்லை, அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1984-இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய கூட்டு அது. பெயர் எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும், ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டீனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' படத்தில் வரும் அந்த ஒடேசா படிக்கட்டுக் காட்சி.

அவர்கள் செய்ததைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். ஒரு கிராமத்துக்குப் போகிறார்கள். கையில் புரொஜெக்டர், சாப்ளினின் 'தி கிட்' படச்சுருள். 1921-இல் வந்த மௌனப் படம். மொழி தெரிய வேண்டியதில்லை, படித்திருக்க வேண்டியதில்லை, குழந்தையிலிருந்து கிழவி வரைக்கும் சிரிப்பார்கள், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். டிக்கெட் கிடையாது. படம் முடிந்ததும் நாங்கள் இப்படி ஒரு படம் எடுக்கப் போகிறோம், உங்களால் முடிந்ததைப் போடுங்கள் என்று கேட்கிறார்கள். போட்டவர் போடுகிறார், போடாதவர் போடவில்லை. அடுத்த நாள் அடுத்த ஊர்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது, காசு கேட்பதற்கு முன்னால் அவர்கள் ஒரு நல்ல படத்தைக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதுதான். எடுக்கப்போகும் படத்தின் பெருமையைப் பேசிக் காசு கேட்கவில்லை. சினிமா என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் காட்டிவிட்டு, பிறகு கேட்டார்கள். காசு போட்டவருக்கு அது பிச்சை போட்ட மாதிரியும் இருக்காது, முதலீடு செய்த மாதிரியும் இருக்காது. அந்த ஊரில் அந்தப் படத்துக்கு ஒரு உறவு உண்டாகிவிடுகிறது. இரண்டு வருஷம் கழித்துப் படச்சுருளோடு திரும்பி வரும்போது அது அவர்களுடைய படம்.

ஒலிவாங்கி எழுதியது:

இது இன்றைக்கு நாம் செய்யும் கிரவுட் பண்டிங்தானே? பெயர்தான் வேறு. நான் இரண்டு குறும்படம் இப்படி இணையத்தில் காசு திரட்டித்தான் எடுத்தேன். ஆயிரம் கொடுத்தால் டைட்டிலில் பெயர், ஐயாயிரம் கொடுத்தால் படப்பிடிப்புக்கு வரலாம் என்று போட்டோம். சாப்ளின் போட்டுக் காட்டுவதும் ஒரு விதத்தில் விளம்பரம்தான். இதில் புரட்சி எங்கே இருக்கிறது என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை. கேலி செய்யவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கடைசிவரிசை எழுதியது:

நல்ல கேள்வி, ஏனென்றால் இந்த இடத்தில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள்.

நீங்கள் இணையத்தில் கேட்கும்போது யாரிடம் கேட்கிறீர்கள்? ஏற்கெனவே உங்களைப் பின்தொடர்கிறவர், சினிமா ஆர்வம் உள்ளவர், கையில் கார்டு வைத்திருப்பவர். அவர் உங்கள் ஆள். ஒடேசா கேட்டது தன் ஆள் இல்லாதவரிடம். கோயில் திடலில் படம் பார்க்க வந்து உட்கார்ந்த ஒருவரிடம். அவருக்கு ஜானும் தெரியாது, கட்டக்கும் தெரியாது.

அடுத்தது, நீங்கள் கொடுக்கும் சலுகைகள். டைட்டிலில் பெயர் போடுவதில் தப்பில்லை. ஆனால் ஐயாயிரம் கொடுத்தவர் ஐந்து ரூபாய் கொடுத்தவரைவிடக் கொஞ்சம் மேலே உட்கார்ந்துவிடுகிறார் இல்லையா? ஒடேசாவில் அந்த ஏற்ற இறக்கமே இல்லை. கொடுத்தவன் கொடுக்காதவன் எல்லாரும் ஒரே தரையில் உட்கார்ந்து இலவசமாகப் பார்த்தார்கள்.

இதைவிட முக்கியமானது, எடுத்த பிறகு என்ன என்பது. நீங்கள் திரட்டிய காசில் படம் முடிந்ததும் எங்கே போகிறீர்கள்? திரைப்பட விழாவுக்கு, அப்புறம் ஏதாவது ஓடிடி வாங்குமா என்று. தப்புச் சொல்லவில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் அங்கே மறுபடியும் யாரோ ஒருவர் "இது போகும், இது போகாது" என்று முடிவு செய்கிறார். எடுப்பதற்கு மட்டும் சுதந்திரம் வாங்கிக்கொண்டு, காட்டுவதற்கு மறுபடியும் அதே வாசலில் போய் நிற்கிறோம். ஜான் இந்த இரண்டாவது வாசலையும் சேர்த்தே ஒழித்துக்கட்டினார். 'அம்ம அறியான்' படத்தை ஒடேசாக்காரர்களே ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டார்கள்.

நிழல்திரை எழுதியது:

எல்லாரும் 'அம்ம அறியான்' பற்றியே பேசுகிறீர்கள். நான் தமிழ்ப் படத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நமக்கு அதில்தான் கடன் பாக்கி இருக்கிறது.

'அக்ரஹாரத்தில் கழுதை' பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. நாராயணசாமி என்று ஒரு கல்லூரிப் பேராசிரியர். தாயை இழந்த ஒரு கழுதைக்குட்டி அவர் வீட்டுக்கு வந்து சேர்கிறது. அவர் அதை வளர்க்கிறார். கல்லூரியில் கேலி. முதல்வர் கூப்பிட்டுப் பேசுகிறார். சரி என்று அதைத் தன் கிராமத்துக்கு, அக்ரஹாரத்துக்கு, அப்பா அம்மாவிடம் கொண்டுபோய் விடுகிறார். பேச்சு வராத உமா என்ற பெண் அதைப் பார்த்துக்கொள்கிறாள். ஊரில் எது தப்பாக நடந்தாலும் கழுதைதான் காரணம் என்று ஆகிறது. உமாவுக்குக் குழந்தை இறந்தே பிறக்கிறது, அந்த உடல் கோயில் வாசலில் கிடக்கிறது, பழி கழுதை மேல் விழுகிறது. அடித்தே கொன்றுவிடுகிறார்கள். கொன்ற பிறகு ஊரில் நல்லது நடக்க ஆரம்பிக்கிறது. உடனே அதே கழுதை தெய்வமாகிவிடுகிறது, கோயில் கட்டலாம் என்கிறார்கள். கடைசியில் நெருப்பு.

பேராசிரியராக நடித்தது இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். திரைக்கதை விமர்சகர் வெங்கட் சாமிநாதன். ஒளிப்பதிவு ராமச்சந்திரபாபு. இந்தக் கூட்டணியை யோசித்துப் பாருங்கள். வெ.சா. இடதுசாரி விமர்சகர்களோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்றவர். எம்.பி.எஸ். கம்யூனிஸ்ட் இயக்கத்தோடு வளர்ந்தவர். எழுத்தில் இந்த இரண்டு பக்கமும் ஒரே பத்திரிகையில் வந்தாலே சண்டைதான். அவர்கள் ஒரு மலையாளி எடுத்த தமிழ்ப் படத்தில் சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள்.

படத்துக்கு 1977-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? அக்ரஹாரத்தில் கழுதையா என்று எதிர்ப்பு கிளம்பியது. தூர்தர்ஷனில் போடுவதாக இருந்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். தேசிய விருது கொடுத்ததும் அரசு, ஒளிபரப்பாமல் விட்டதும் அரசு. நம் பத்திரிகைகளும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. திரைக்கதை பின்னால் புத்தகமாக வந்ததால் படத்தைப் பார்க்காதவர்கள் படிக்கவாவது முடிந்தது. விருது வாங்கிய தமிழ்ப் படத்தைத் தமிழர்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டார்கள் என்பது எவ்வளவு பெரிய அவமானம்.

மண்குதிரை எழுதியது:

சில விஷயங்களை நேராகச் சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்தேன். பிரதி மோசம், சத்தம் சரியில்லை, அதெல்லாம் அவர்கள் குற்றமில்லை. ஆனால் படமே பல இடங்களில் தடுமாறுகிறது. நடிப்பு மேடை நாடகம் மாதிரி இருக்கிறது. பேராசிரியரின் முகத்தில் எதுவும் ஓடவில்லை. பிரெஸ்ஸோன் ஒரு கழுதையை வைத்து எடுத்த 'பல்தஸார்' என்ற பிரெஞ்சுப் படத்தைப் பார்த்தவனுக்கு இந்தக் கழுதை எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். இன்னொன்று, குறிப்பிட்ட ஒரு சாதியின் தெருவை எடுத்துக்கொண்டு அவர்களை மட்டும் மூடர்களாகக் காட்டுவது சுலபமான வேலை. மூடநம்பிக்கை எல்லாத் தெருவிலும் இருக்கிறது. தடை செய்ய நினைத்ததால் மட்டும் ஒரு படம் பெரிய படம் ஆகிவிடாது.

நிழல்திரை எழுதியது:

கடைசி வரியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். எதிர்ப்பு வந்ததற்காக நான் இதைக் கொண்டாடவில்லை.

நடிப்பைப் பற்றி: எம்.பி.எஸ். நடிகர் இல்லை, அது தெரிந்தேதான் அவரைப் போட்டிருக்கிறார். முகத்தில் எதுவும் ஓடவில்லை என்கிறீர்கள், எனக்கு அந்த முகம்தான் படத்தின் பலம். 1977-இல் தமிழ் சினிமாவில் ஒரு பேராசிரியர் கழுதையை வளர்த்தால் அவர் ஒன்று கோமாளியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வசனம் பேசிச் சீர்திருத்துபவராக இருக்க வேண்டும். இவர் இரண்டும் இல்லை. ஒரு குட்டி வந்தது, பால் ஊற்றினேன், அதில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்பது போல் நிற்கிறார். ஊர் பதறுவது அந்த அமைதியைப் பார்த்துத்தான்.

அந்தத் தெருவை மட்டும் எடுத்தது பற்றி: படம் அந்த மக்களை மூடர்கள் என்று சொல்லிவிட்டு நகரவில்லை. பழி போடுவதற்கும் தெய்வமாக்குவதற்கும் இடையில் அதிக நாள் ஆகவில்லை என்பதைக் காட்டுகிறது. உயிரோடு இருந்தபோது தீட்டு, செத்ததும் சாமி. அந்த இரண்டு வேலையையும் செய்தது ஒரே கை. இதை வெளியிலிருந்து எட்டிப் பார்த்து எழுத முடியாது. எழுதியவர் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர். ஜானும் தன் சொந்த சிரியன் கிறிஸ்தவ நிலவுடைமைச் சமூகத்தை விட்டுவைத்தவர் இல்லை, அடுத்த படமே 'செறியாச்சன்'தானே?

தேரிக்காடு எழுதியது:

'செறியாச்சன்' பற்றி எழுதினால் எனக்கு நிறுத்த வராது. குட்டநாட்டு நிலவுடைமைக்காரர் ஒருவரின் மனம் உடைவதுதான் படம். கூலிக்காரர்கள் மேல் நடக்கும் போலீஸ் வன்முறைக்கு அவர் சாட்சி. அவர் கையால் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் குற்றவுணர்வு அவரைத் தின்னத் தொடங்குகிறது, எல்லாரும் தன்னைத் தேடி வருவதாகப் பயம் பிடிக்கிறது. கடைசியில் ஒளிந்துகொள்ளத் தென்னைமரத்தில் ஏறுகிறார். வயசான, வேட்டி கட்டிய, வாழ்நாள் முழுக்க வேறொருவனை மரமேற்றித் தேங்காய் பறிக்கச் சொன்ன மனுஷன், பயத்தில் தானே ஏறுகிறார். கீழே விழுந்து சாகிறார்.

அந்த வேஷத்துக்கு யாரைப் போட்டார் பாருங்கள். அடூர் பாசி. மலையாள சினிமாவே சிரிப்பதற்காக வைத்திருந்த ஆள். நாகேஷைக் கூப்பிட்டு ஒரு பண்ணையாரின் மரண பயத்தை நடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. பாசிக்கு அந்த வருஷத்தின் கேரள அரசு சிறந்த நடிகர் விருது கிடைத்தது. நீங்கள் எல்லாரும் ஒடேசா ஒடேசா என்கிறீர்கள், எனக்கு ஜானின் ஆகச் சிறந்த படம் இதுதான். இதற்கு ஊர்க்காசு தேவைப்படவில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடைசிவரிசை எழுதியது:

படமாக எடுத்துக்கொண்டால் 'செறியாச்சன்' இறுக்கமானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படம் யாரைப் பற்றியதோ அந்தக் கூலிக்காரர்கள் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? ஒடேசா அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது என்று நான் நினைக்கிறேன். நிலவுடைமைக்காரரின் குற்றவுணர்வை நகரத்து பிலிம் சொசைட்டியில் முப்பது பேர் பார்த்துத் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனால் அந்த வேலை பாதியில் நிற்கிறது.

'அம்ம அறியான்' எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். புருஷன் என்ற இளைஞன் டெல்லிக்குப் போகக் கிளம்புகிறான், அம்மாவிடம் கடிதம் எழுதுவதாகச் சொல்லிவிட்டு. வழியில் ஒரு பிணத்தைப் பார்க்கிறான். தெரிந்த முகம் மாதிரி இருக்கிறது. டெல்லியை விட்டுவிட்டு, இவன் யார் என்று தேட ஆரம்பிக்கிறான். ஹரி என்று தெரிகிறது. தாளவாத்தியம் வாசித்தவன், நக்சல் இயக்கத்தில் இருந்தவன். அவன் அம்மா கொச்சியில் இருக்கிறாள். யாராவது போய்ச் சொல்ல வேண்டும். வயநாட்டிலிருந்து கொச்சி வரைக்கும் பயணம். ஒவ்வொரு ஊரிலும் ஹரியைத் தெரிந்த ஒருவன் சேர்ந்துகொள்கிறான். ஒவ்வொருவனும் கிளம்பும்போது அவன் அம்மா வாசலுக்கு வருகிறாள். அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். இன்னொரு ஊர், இன்னொரு வாசல், இன்னொரு அம்மா. ஒருவன் பத்துப் பேராகி, கூட்டமாகிறார்கள்.

போகிற வழியில் கேரளத்தின் போராட்டங்கள் வருகின்றன. மருத்துவ மாணவர் போராட்டம், 1982-இல் வைப்பினில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகள், 1953 மட்டாஞ்சேரி துறைமுகத் தொழிலாளர் போராட்டம். இது கதை நடுவே செருகிய செய்திப்படம் இல்லை. அந்த ஊர்களில்தான் காசு திரட்டினார்கள், அந்த மாதிரி ஊர்களில்தான் திரும்பக் காட்டினார்கள். ஒரு கூட்டம் ஊர் ஊராக ஆள் சேர்த்துக்கொண்டு போவது திரையில் நடக்கிறது, திரைக்கு வெளியிலும் அதேதான் நடந்தது. அதனால்தான் பணம் வந்த வழியையும் படத்தையும் பிரித்துப் பேச எனக்கு வரவில்லை. பெரிய தயாரிப்பாளர் ஒருவர் கோடி கொடுத்து இதே திரைக்கதையை எடுத்திருந்தால் அது வேறு படம்.

தேசிய விருதில் ஜானுக்குச் சிறப்பு நடுவர் விருது, ஒளிப்பதிவாளர் வேணுவுக்கும் விருது. எடிட்டிங் பீனா பால். பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட்டின் பத்து சிறந்த இந்தியப் படங்கள் பட்டியலில் தென்னிந்தியாவிலிருந்து இருந்த ஒரே கதைப்படம் இது. புருஷனாக நடித்த ஜாய் மாத்யூ பின்னால் 'ஷட்டர்' எடுத்தவர், இன்றைக்கும் மலையாளப் படங்களில் நடிக்கிறார்.

மண்குதிரை எழுதியது:

அம்மாக்கள் எல்லாரும் வாசலில் நிற்கிறார்கள், மகன்கள் எல்லாரும் கிளம்பிப் போகிறார்கள். இதைத்தான் நான் கேட்க வந்தேன். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் ஏன் இல்லை? துக்கம் தாங்குவதற்கு மட்டும்தான் பெண்களா? 1986-இல் கேரளத்தில் அரசியல் செய்த பெண்கள் இல்லாமலா போனார்கள்?

கடைசிவரிசை எழுதியது:

இந்த விமர்சனத்துக்கு என்னிடம் பதில் இல்லை, இருக்கவும் வேண்டாம். அது அந்தப் படத்தின் குறை. அந்தக் கால இடதுசாரிக் கலையில் பரவலாக இருந்த குறை. அம்மாவை முன்னால் நிறுத்தி மரியாதை செய்துவிட்டால் போதும் என்ற எண்ணம். படம் அந்த அம்மாக்களின் முகத்தில் நிற்கும் நேரம் எனக்குப் பிடிக்கும். அதனால் மட்டும் அந்தக் குறை இல்லாமல் போகாது.

ஒலிவாங்கி எழுதியது:

சரி, இப்போது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு சந்தேகம். ஜான் 1987 மே மாதக் கடைசியில் போய்விட்டார். 49 வயசு. 'அம்ம அறியான்' மாதிரி இன்னொரு முழுநீளக் கதைப்படம் ஒடேசாவிலிருந்து வரவில்லையே? அப்போ அது அவர் என்ற ஒரு ஆளை நம்பித்தான் இருந்தது என்று ஆகாதா? முறைதான் பெரிது என்று நீங்கள் சொல்கிறீர்கள், முறை பெரிதாக இருந்தால் ஆள் போன பிறகும் ஓடியிருக்க வேண்டும் இல்லையா?

தேரிக்காடு எழுதியது:

அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

கடைசிவரிசை எழுதியது:

நியாயமான அடி. ஆனால் இரண்டு விஷயம். ஒடேசா நின்றுவிடவில்லை. அந்தக் குழுவில் இருந்த ஒடேசா சத்யன் 2014-இல் இறக்கும் வரைக்கும் அந்தப் பெயரில் ஆவணப்படங்கள் எடுத்துக்கொண்டும் காட்டிக்கொண்டும் இருந்தார். கவிஞர் அய்யப்பன் பற்றிய படம் அதில் ஒன்று. கதைப்படம் வரவில்லை, அது உண்மை. முழுநீளக் கதைப்படத்துக்கு அத்தனை பேரை மாசக்கணக்கில் கட்டி இழுக்க ஜான் மாதிரி ஒருவர் வேண்டியிருந்தது, அதுவும் உண்மை.

இன்னொன்று, முறை வேறு ஆட்களிடம் போய்ச் சேர்ந்தது. கேரளத்தில் சனல்குமார் சசிதரன் 'காழ்ச்ச' என்ற அமைப்பு வழியாகப் பொதுமக்களிடம் காசு வாங்கி 2014-இல் 'ஒராள்பொக்கம்' எடுத்தார். அதை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போட்டார்கள், 'சினிமா வண்டி' என்று பெயர். அதே ஆள் எடுத்த 'எஸ் துர்கா' 2017-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. கோவா விழாவில் நடுவர் குழு தேர்ந்தெடுத்த பிறகு அமைச்சகம் நீக்கியது, கேரள உயர் நீதிமன்றம் காட்டச் சொன்னது, அப்படியும் காட்டவில்லை.

தமிழில் லீனா மணிமேகலையின் 'செங்கடல்' சென்னைத் தணிக்கை அலுவலகத்தில் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டு ஆயம் வரைக்கும் போய்த்தான் சான்றிதழ் வாங்கியது. அந்த ஆயமே 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது. இன்றைக்கு ஒருவருக்குச் சான்றிதழ் மறுத்தால் உயர் நீதிமன்றம்தான் கதி. சின்னப் பட்ஜெட்காரருக்கு வக்கீல் செலவு படச் செலவை நெருங்கிவிடும். லீனாவின் 'மாடத்தி' பொதுமக்கள் காசில் வந்தது. மதுரையில் அமுதன் மலம் அள்ளும் பெண்ணைப் பற்றி 2003-இல் எடுத்த 'பீ' ஆவணப்படம் தியேட்டர் பக்கமே போகாமல் கூட்டங்களிலும் வகுப்பறைகளிலும் ஓடித்தான் பேர் வாங்கியது.

நிழல்திரை எழுதியது:

இதற்கெல்லாம் முன்னால் நம்மிடமே ஒன்று இருந்தது, அதை விட்டுவிடாதீர்கள். 1960-இல் வந்த 'பாதை தெரியுது பார்'. 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' பாட்டு எல்லாருக்கும் தெரியும், படம் யாருக்கும் தெரியாது. நிமாய் கோஷ் இயக்கியது, பல பேர் கூட்டாகக் காசு போட்டுத் தயாரித்தது. அதற்கு இசையமைத்தவர் யார்? இதே எம்.பி.எஸ். படம் எடுத்தார்கள், ஆனால் வெளியிடும் வேலை விநியோகஸ்தர் கையில் இருந்தது, எழவில்லை. அந்த அனுபவத்தோடு பதினேழு வருஷம் கழித்து அவர் ஜானின் கேமரா முன்னால் வந்து நிற்கிறார். கூட்டாக எடுப்பது மட்டும் போதாது, கூட்டாகக் காட்டவும் வேண்டும் என்று அவர்கள் இருவரும் பேசியிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஊகம். வெறும் ஊகம்தான்.

காட்டுவதில் இருக்கும் கஷ்டம் எனக்குத் தெரியும். எங்கள் நண்பர்கள் குழு ஒருமுறை ஒரு சின்ன அரங்கில் ஆவணப்படம் ஒன்றைப் போட ஏற்பாடு செய்தது. முன்பணம் கட்டி, அழைப்பிதழ் எல்லாம் அனுப்பிய பிறகு, அன்றைக்கு மத்தியானம் அரங்கக்காரர் சாவி தரமாட்டேன் என்றுவிட்டார். யாரோ போன் செய்தார்களாம். யார் என்று சொல்லவில்லை. ஒரு நண்பர் வீட்டு மாடியில் படுதாவைக் கட்டிப் போட்டோம். அரங்குக்கு வர வேண்டியவர்களில் பாதிப்பேர்தான் வந்தார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடிகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள், இரண்டு பேர் ஏறி வந்து கடைசி வரைக்கும் உட்கார்ந்தார்கள். அரங்காக இருந்திருந்தால் அந்த இரண்டு பேரும் வந்திருக்க மாட்டார்கள்.

ஒலிவாங்கி எழுதியது:

கடைசியாக ஒன்று கேட்கிறேன். எதிலிருந்து பார்க்க ஆரம்பிப்பது? 'அம்ம அறியான்' ஒரு தடவை போட்டேன், இருபது நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். அந்த வேகத்துக்குப் பழகவில்லை.

தேரிக்காடு எழுதியது:

தம்பி, 'செறியாச்சன்'. கண்ணை மூடிக்கொண்டு அதில் ஆரம்பி.

கடைசிவரிசை எழுதியது:

நானும் தேரிக்காட்டாரோடு சேர்ந்துகொள்கிறேன், இதில் மட்டும். முதலில் 'செறியாச்சன்', அடுத்து 'கழுதை'. கழுதையின் பிரதி எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, திரைக்கதைப் புத்தகம் கிடைத்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்காத வசனங்களுக்கு உதவும். 'அம்ம அறியான்' தனியாக லேப்டாப்பில் பார்க்க வேண்டாம். அது அதற்காக எடுத்த படம் இல்லை. நாலைந்து பேரைச் சேர்த்து, கிடைக்கிற பெரிய சுவரில் போட்டு, இடையில் நிறுத்தாமல் பாருங்கள். முடிந்ததும் யாருக்கு என்ன தோன்றியது என்று இங்கே எழுதுங்கள், திட்டுவதாக இருந்தாலும் சரி.

நிழல்திரை, அந்த மாடி இன்னும் கிடைக்குமா? கிடைத்தால் புரொஜெக்டர் நான் கொண்டு வருகிறேன்.